வீட்டு வாசலில் பழைய டிஃபெண்டர்: எந்த வேலையை முதலில் தொடுவது

பழைய ஜீப் வாங்கிய முதல் சனிக்கிழமை எல்லாரும் செய்வது ஒன்றுதான்: பெரிய ரயருக்கு விலை கேட்பது. அடுத்தது ஸ்னோர்க்கல். பிரேக் குழாயைக் குனிந்து பார்ப்பது மூன்றாம் மாதம், அதுவும் பெடல் ஒருநாள் அடிவரை போன பிறகு.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் என்னுடைய லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 நிற்கிறது. அதை நானே பிரித்துப் பூட்டிப் பழகியதையும், எனக்குப் பிறகு வாங்கிய நண்பர்கள் எங்கெங்கே இடறினார்கள் என்பதையும் வைத்து இதை எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் 1994 முதல் 1998 வரை வந்த, 300 டிடிஐ டீசல் எஞ்சின் உள்ள டிஃபெண்டருக்கானவை. முந்திய 200 டிடிஐக்கும் பெரும்பகுதி சரிவரும். பஜெரோவோ 4டிஆர்5 ஜீப்போ வைத்திருப்பவர்கள் வேலை வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகளை வேண்டாம்.

வரிசை இதுதான். வண்டி நிற்க வேண்டும். சில்லு கழன்று ஓடக் கூடாது. எஞ்சின் கொதிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியான பிறகுதான் மற்றதெல்லாம்.

1. உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரியட்டும்

இங்கே ஓடும் பழைய டிஃபெண்டர்களில் பலவற்றில் பிறந்தபோது இருந்த எஞ்சின் இல்லை. ஆகவே விற்றவர் சொன்னதை நம்பிச் சாமான் வாங்காதீர்கள். பொனற்றைத் திறந்து பாருங்கள். முன்னால் ஒரேயொரு அகலமான வரிப் பெல்ற் எல்லாக் கப்பிகளையும் சுற்றி ஓடினால் 300 (ஏசி இருந்தால் அதற்கு மட்டும் தனிப் பெல்ற் இருக்கும்). தனித்தனி வீ பெல்ற்கள் என்றால் 200. அந்த 200இலும் டர்போ மேலே நிமிர்ந்து நின்றால் டிஃபெண்டருக்கென்று செய்தது. கீழே பதுங்கிக் கிடந்தால் டிஸ்கவரியிலிருந்து வந்தது.

எஞ்சின் நம்பரையும் சேசி நம்பரையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். மாற்றிய எஞ்சின் புத்தகத்தில் ஏறாமல் இருந்தால், எந்த ரிப்பேருக்கும் முன்னால் போக வேண்டிய இடம் நாரஹேன்பிட்டி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். காசைக் கொட்டிச் செய்த பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும்.

பின் சில்லில் டிரம் பிரேக்கா டிஸ்க்கா என்பதையும் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். இரண்டும் மாறிய காலத்து வண்டி இது. வருடத்தைச் சொல்லி வாங்கினால் பாதித் தடவை பிழைக்கும்.

2. சாமான் கையில் வந்த பிறகே ஸ்பனர்

என் நண்பர் ஒருவர் சனி மத்தியானம் முன் ஹப்பை, அதாவது சில்லு பூட்டும் நடுக் குடத்தை, கழற்றினார். வாங்கி வைத்திருந்த சீல் ஒரு சுற்றுப் பெரிது. பஞ்சிகாவத்தைக்கு ஓடினால் கடை பூட்டும் நேரம். மறுநாள் ஞாயிறு. திங்கள் போயா. மூன்று நாள் ஜீப் கட்டையில் நின்றது, ஒழுங்கையில் பாதியை அடைத்துக்கொண்டு. மேல்மாடி அன்ரி பல்கனியிலிருந்து, “ஆடிவேல் தேர் கூட இதைவிடக் கெதியாப் போயிடும், தம்பி” என்றார்.

ஆகவே எந்த வேலைக்கும் பெயரிங், சீல், பேப்பர் கஸ்கெற், லொக் வாஷர் எல்லாம் முதலில் மேசையில் இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய சாமானைக் கையில் கொண்டுபோவது மேல். அதற்கு வழியில்லையென்றால் பெயரிங்கின் நம்பரைக் கொண்டுபோங்கள்; அது வளையத்தின் விளிம்பிலேயே வெட்டியிருக்கும். சீல், பெயரிங், பிரேக் சாமான் மூன்றிலும் மலிவானதைத் தவிர்க்கவும். கதவுக் கைபிடியை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

கருவியில் அதிகம் தேவையில்லை. மில்லிமீற்றர் ஸ்பனர் செற், அரை அங்குல சொக்கெற் செற், சில்லு நட்டுக்கு 27, முன் ஹப் நட்டுக்கு 52 மில்லிமீற்றர் பெட்டி ஸ்பனர், ஒரு டோர்க் ரெஞ்ச், கிறீஸ் துப்பாக்கி, பித்தளைக் கம்பி ஒன்று. அந்த 52ஐ மட்டும் யாரும் வாங்குவதில்லை. ஏன் வாங்க வேண்டும் என்பதை ஐந்தாவதில் சொல்கிறேன்.

3. தூக்குவது: ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம்

காரில் பழகியவர்கள் விழும் குழி இது. டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை. முன், பின் அக்ஸில்களுக்கு இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது. அது பின்னுக்குப் போகும் ஷாஃப்ரைத்தான் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றைத் தூக்கியதும், ஷாஃப்ற் அசையாமல் நின்றாலும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சில்லு சுழலும், தரையில் இருக்கும் சில்லும் உருளும். வண்டி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எங்கள் ஒழுங்கை கடலை நோக்கிச் சரிகிறது. நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: சமதரை தேடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, டிஃப் லொக்கையும் போடுங்கள். லொக் போட்டால் முன் ஷாஃப்ரும் சேர்ந்து பிடிபடும். லீவரைத் தள்ளியவுடன் அது விழுந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நிற்கும் வண்டியில் பல் பொருந்தாமல் இருக்கலாம். டாஷ்போர்டில் லாம்பு எரிகிறதா பாருங்கள், எரியாவிட்டால் இரண்டு அடி முன்பின் உருட்டுங்கள். அப்புறம் தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை.

ஜாக்கி அக்ஸிலுக்கு அடியில். தூக்கிய உடனே ஸ்டாண்ட். ஜாக்கி தூக்க மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டின் வேலை. செங்கல், சிமெந்துக் கல் வைக்கவே கூடாது. அவை வெடிக்கும்போது முன்கூட்டிச் சொல்லாது. வெயிலில் தார் இளகும் இடமென்றால் ஸ்டாண்டின் காலுக்கடியில் ஒரு பலகைத் துண்டு போடுங்கள்.

4. பிரேக்

முதல் வேலை இதுதான். வண்டி எவ்வளவு நன்றாக நிற்பதாகத் தோன்றினாலும் முதலில் இதைத்தான் பிரியுங்கள்.

ரோர்ச் லைற்றோடு அடியில் போய் இரும்புக் குழாய்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். சேசியை ஒட்டி ஓடும் இடமும், பின் அக்ஸிலின் மேல்பக்கமும் முக்கியம். அங்கேதான் சேறு தங்கி, ஈரம் காயாமல் இருக்கும். கடலோரத்தில் நிற்கும் வண்டியென்றால் இன்னும் மோசம். கம்பித் தூரிகையால் மெல்லத் தேயுங்கள். தேய்த்த இடத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தால் அந்தக் குழாய் முழுதாக மாற வேண்டும், செம்பு நிக்கல் கலந்த குழாயாக. அது கறள் பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம்.

ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கியிருக்கலாம். அடையாளம்: பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சில்லு மட்டும் இறுகியே நிற்கும். எல்லாரும் கலிப்பரைக் குறைசொல்லி அதை மாற்றுவார்கள், நோய் போகாது. காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்தியதும் சில்லு விடுபட்டால் குற்றவாளி குழாயாகத்தான் இருக்கும்.

பிரேக் திரவம் டொட் 4. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஏறிய திரவம் சீக்கிரம் கொதிக்கும், கடுகண்ணாவை இறக்கத்தில் பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தலில் மிச்சம் இருப்பதை ஊற்ற வேண்டாம்.

காற்று எடுக்கும் வரிசை: மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சில்லிலிருந்து கிட்டத்துக்கு. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம். நிப்பிள்களுக்கு முதல்நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். ஆறு முனைச் சொக்கெற்றால் மட்டும் தளர்த்துங்கள். திறந்த வாய் ஸ்பனர் போட்டு உருட்டிவிட்டால் கலிப்பரே கையில் வரும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பேச வேண்டும். நாங்கள் வைத்திருப்பது மூன்று சொல்: “அமத்து”, “பிடி”, “விடு”. கீழே இருப்பவர் நிப்பிளைப் பூட்டிய பிறகே “விடு” சொல்வார். அதற்கு முன் பெடல் மேலே வந்தால் வெளியேறிய காற்று அப்படியே திரும்பி உள்ளே போகும். ஒன்றரை மணி நேரம் காற்றெடுத்தும் பெடல் கடினமாகாததற்கு எங்கள் வீட்டில் காரணம் இதுவாகத்தான் இருந்தது.

இன்னும் இரண்டு பிழை. தாங்கியில் திரவம் வற்ற விடுவது; விட்டால் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மற்றது பெடலை அடிவரை மிதிப்பது. பழைய மாஸ்டரில் சீல் வழமையாக ஓடாத அடிப்பகுதியில் கறள் இருக்கும். அங்கே ஒருதரம் ஓடினாலே சீல் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

5. முன் ஹப்: இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில் சோதனை. முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழுமாக, அதாவது 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் சில்லுப் பெயரிங். மறையாமல் இருந்தால் ஸ்விவல் பின், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது சில்லு திரும்பும் அச்சு. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பெயரிங் மாற்றிவிட்டு, அதே ஆட்டத்தோடு வந்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கழற்றும்போது வரிசை இது. சில்லு. கலிப்பர், அதைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். சில வண்டிகளில் கலிப்பர் போல்ட்டின் தலை பன்னிரண்டு முனை, சாதாரண சொக்கெற் ஏறாது. முதலிலேயே பார்த்து வையுங்கள். பிறகு நடுவில் உள்ள ரப்பர் மூடி, அதற்குள் வட்டக் கிளிப், ஐந்து போல்ட், டிரைவ் ஃபிளாஞ்ச். இப்போது இரண்டு பெரிய நட்டுகளும் இடையில் ஒரு மெல்லிய லொக் வாஷரும் தெரியும்.

இங்கேதான் அந்த 52 ஸ்பனர். அது இல்லாதவர்கள் உளியும் சுத்தியலும் எடுப்பார்கள். எனக்கு வந்த வண்டியிலும் யாரோ எடுத்திருந்தார்கள். நட்டின் விளிம்பெல்லாம் எலி கரண்டியது போல இருந்தது. கரண்டிய தூள் எங்கே போனது? கிறீஸைத் துணியில் தேய்த்து வெயிலில் பிடித்தபோது மினுமினுத்தது. பெயரிங் உருளைகளில் கோடுகோடாகக் கீறல். ஒரு ஸ்பனரின் காசை மிச்சம் பிடித்ததால் நாலு பெயரிங் போனது.

ஹப் வெளியே வந்ததும், பின்பக்கச் சீல் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று அளந்து குறியுங்கள். புதியதும் அதே ஆழத்தில் உட்கார வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, துணியால் துடைத்து உலர விடுங்கள். ஸ்டப் அக்ஸிலில் சீல் ஓடும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் எந்தச் சீலும் அங்கே ஒயிலை நிறுத்தாது.

பெயரிங் மாற்றினால் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வளையம் பழசு, உருளை புதுசு என்று பூட்டினால் புதியதும் பழசின் தேய்வைப் பிடித்துக்கொள்ளும். பழைய வளையத்தைப் பித்தளைக் கம்பியால் எதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டி வெளியே எடுங்கள். புதியதையும் அப்படியே இறக்குங்கள், ஆனால் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு. இறங்கும்வரை தட்டும் சத்தம் வெறுமையாக இருக்கும். அடியில் போய்ச் சேர்ந்ததும் சத்தம் சட்டென்று இறுகும், கை மணிக்கட்டிலும் அந்த அடி தெரியும். சத்தம் மாறாமல் நிறுத்திவிட்டால், ஓடும்போது வளையம் மிச்சத் தூரம் தானாக இறங்கும். நீங்கள் கவனமாக வைத்த அளவு அன்றைக்கே தளர்ந்துவிடும்.

கிறீஸ் அடைப்பது உள்ளங்கை வேலை. உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸ் எடுத்து, பெயரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி இழுங்கள். மறுபக்கத்தில் உருளைகளுக்கு இடையால் கிறீஸ் புழுப்போல வெளிவர வேண்டும். முழுச் சுற்றும் அப்படி வந்தால் போதும். மேலே பூசிவிட்டுப் பூட்டுவது தோசைக்கு வெளியே மட்டும் எண்ணெய் விட்ட மாதிரி.

பூட்டும்போது அளவு: ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே உள் நட்டை 61 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். இது உருளைகள் ஒழுங்காக உட்காருவதற்கு. பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி 4 நியூட்டன் மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய விரலால் இறுக்குவது போல. புதிய லொக் வாஷர். வெளி நட்டு 61. வாஷரின் ஒரு பக்கத்தை உள் நட்டின் தட்டையான முகத்திலும் எதிர்ப் பக்கத்தை வெளி நட்டின் முகத்திலும் மடியுங்கள். பழைய வாஷரை நேராக்கி மறுபடி மடித்தால் மடித்த இடத்தில் முறியும்.

வெளி நட்டை இறுக்கிய பிறகு ஹப்பை இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள். அது உள் நட்டைக் கொஞ்சம் தள்ளியிருக்கக்கூடும். “நல்லா இறுக்கினால் நல்லது” என்ற எண்ணம் இந்த இடத்தில் மட்டும் வேண்டாம். இறுகிய பெயரிங் சூடேறி, கிறீஸ் உருகி, கடைசியில் அக்ஸிலோடு ஒட்டிக்கொள்ளும்.

டிரைவ் ஃபிளாஞ்சின் பற்களுக்குக் கிறீஸ் பூச மறக்காதீர்கள். அது உலர்ந்தால் செந்நிறத் தூள் வரும், பல் தேயும், கியர் மாற்றும்போது “டக்” என்று சத்தம் கேட்கும். கியர்பொக்ஸ் போய்விட்டது என்று நினைக்க வைக்கும் சத்தம் அது.

6. தண்ணீர்

இந்த எஞ்சினின் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருதரம் நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும். கொழும்பு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும் வண்டிக்கு இது பயப்பட வேண்டிய விஷயம்.

குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். “எங்களுக்கு என்ன பனியா பெய்கிறது?” என்று கேட்பார்கள். கூலன்ற் உறைவைத் தடுக்க மட்டும் இல்லை. கொதிநிலையைக் கூட்டும், அலுமினியம் அரிப்பதைத் தடுக்கும். பாதிக்குப் பாதி, வடித்த தண்ணீரோடு.

நிரப்பும்போது தேர்மோஸ்ராற் வீட்டின் மேலுள்ள மூடியையும் றேடியேற்றர் மேல் மூடியையும் கழற்றி, அங்கே தண்ணீர் வந்து நிற்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே காற்று அடைத்திருந்தால் ஹெட் சூடேறும்; ஆனால் சென்சர் காற்றில் நிற்பதால் முள் ஒழுங்காகக் காட்டும். முள்ளை நம்பி ஹெட்டைத் தொலைத்தவர்கள் உண்டு. அந்த மூடிகள் பிளாஸ்ரிக்காக இருந்தால் பித்தளை மூடி வாங்கிப் போடுங்கள். பழைய பிளாஸ்ரிக் வெப்பத்தில் நொறுங்கும்.

300இல் வோட்டர் பம்ப் பக்கமாக ஒழுகுவதும் வழமை. அங்கே பி எழுத்து வடிவில் ஒரு கஸ்கெற் உண்டு. இடப்பக்க புளொக்கில் வெள்ளையாகக் கோடு இறங்கியிருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

காலையில் எஞ்சினைத் தொடும் முன் மேல் குழாயை அமத்திப் பாருங்கள். இரவு முழுதும் ஆறிய பிறகும் கல்லாக இருந்தால் ஹெட் கஸ்கெற் வழியாக அமுக்கம் தண்ணீருக்குள் போகிறது. அது வீட்டு வாசல் வேலை இல்லை.

7. டைமிங் பெல்ற்: பாருங்கள், தொடாதீர்கள்

பெல்ற் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு ஏறக்குறைய 1,15,000 கிலோமீற்றர், புழுதி, சேறு, நெரிசல் என்றால் அதில் பாதி. நமக்குப் பாதிதான். அறுந்தால் வால்வுகளை இயக்கும் புஷ் ரொட்டுகள் வளையும். அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நிற்கும்.

பிரிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. டைமிங் மூடியின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது, தண்ணீரில் இறங்கும்போது மட்டும் மூட வேண்டிய ஓட்டை. அதற்குள் விரலை விடுங்கள். கறுப்பு ரப்பர் தூள் வந்தால் பெல்ற் கோணலாக ஓடித் தேய்கிறது. இது முதல் வருடங்களில் வந்த 300களுக்கே உள்ள குறை, திருத்தின கப்பி செற் கிடைக்கிறது. ஒயில் வந்தால் உள்ளே ஒரு சீல் ஒழுகுகிறது.

அந்த ஓட்டையின் மூடியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள். மழைக்குத் தெரு நிறையும் நாளில் போட்டு, பிறகு கழற்றுங்கள். நிரந்தரமாகப் போட்டு வைத்தால் ஒழுகும் ஒயில் வெளியே போக வழியில்லாமல் பெல்ற்றை ஊறவைக்கும்.

மாற்றும் வேலையை முதல் தடவை தெரிந்த ஒரு பாஸிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபிளைவீலையும் பம்பையும் பின் போட்டு அசையாமல் பூட்டாமல், சோக்கட்டியால் கோடு கீறிவிட்டுச் செய்கிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

8. ஒயில்கள்

ஒரே விதி: நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். மாறிச் செய்தால் ஒயில் இல்லாத பெட்டியும் கழலாத பிளக்குமாக நிற்பீர்கள். அக்ஸில் பிளக்கின் சதுரக் குழிக்கு அரை அங்குல ராட்சற்றின் முனையே நேராகப் பொருந்தும்.

இரண்டு அக்ஸிலுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் ஈபி 90 கியர் ஒயில். முன் அக்ஸிலுக்கு 1.7 லீற்றர், 110இன் பின் அக்ஸிலுக்கு 2.3, ட்ரான்ஸ்ஃபருக்கும் 2.3. ஆனால் 300இன் ஆர் 380 கியர்பொக்ஸுக்கு 90 ஒயில் இல்லை, ஏடிஎஃப், அதாவது ஓட்டோ கியர் ஒயில். அங்கே 90 ஊற்றிவிட்டு, காலையில் இரண்டாம் கியர் விழவில்லை என்று கியர்பொக்ஸ் இறக்கப் போனவரைத் தடுத்திருக்கிறேன். எஞ்சினுக்கு ஃபில்ற்றரோடு ஆறரை லீற்றருக்குச் சற்று மேல்.

வடித்த ஒயிலைக் கானுக்குள் ஊற்றாதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு ஏற்கெனவே போதுமான துயரம் இருக்கிறது. ஒரு கலனில் பிடித்து, பழைய ஒயில் எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

9. டீசலும் வயரும்

ஃபில்ற்றர் மாற்றிய பிறகு காற்றெடுக்க, புளொக்கோடு இருக்கும் பம்பில் ஒரு கை லீவர் உண்டு. அதை அடிக்கும்போது கனமே இல்லையென்றால் பம்ப் பழுதில்லை. உள்ளே காம் தூக்கி நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

சிக்னல் போட்டால் பிரேக் லைற்றும் சேர்ந்து மினுங்குகிறதா? ஸ்டார்ற்றர் முனகுகிறதா? புதுப் பற்றரி வாங்க முன், முன் சீற்றுக்கடியில் பற்றரியிலிருந்து சேசிக்குப் போகும் கறுப்பு வயரைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். என் அனுபவத்தில் பாதி வயர்ப் பேய்கள் அதோடு ஓடிவிடும்.

10. கறள்

பொடி அலுமினியம் என்பதால் கறள் வராது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். சேசி இரும்பு, முன் தடுப்புச் சுவர் இரும்பு, கதவுச் சட்டம் இரும்பு. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் உப்புக் காற்று பட்டால் அலுமினியமே வெள்ளைத் தூளாக உதிரும்.

சிறு சுத்தியலால் சேசியை நீளத்துக்குத் தட்டிப் போங்கள். மணிபோல ஒலிக்க வேண்டும். “பொத்” என்ற இடத்தில் நிறுத்திக் கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பின் குறுக்குச் சட்டமும், பொடியைத் தாங்கும் பக்கக் கைகளும், முன் கால் வைக்கும் குழியும்.

கல்பிட்டி மணலிலோ கடற்கரையிலோ ஓடி வந்தால் அன்றே நல்ல தண்ணீரைச் சேசிக்குள்ளேயே விட்டுக் கழுவுங்கள். வெளியே மட்டும் கழுவினால் உள்ளே உப்புச் சேறு இருந்துகொண்டே இருக்கும். நன்றாகக் காய்ந்த நாலைந்து நாளுக்குப் பிறகு, ஓட்டைகள் வழியாக உட்புறத்துக்கு மெழுகு அடியுங்கள். மே மழைக்கு முன்னால் செய்தால் நல்லது. கறளின் மேலேயே தார்ப் பூச்சு அடிப்பது புண்ணுக்கு மேல் பிளாஸ்ரிக் சுற்றுவது. ஈரம் உள்ளேயே நின்று வேலை பார்க்கும்.

வெல்டிங் செய்யக் கொடுத்தால் பற்றரி வயரையும் ஓல்டர்னேற்றர் வயரையும் நீங்களே கழற்றிவிட்டுக் கொடுங்கள். டீசல் தாங்கிக்குப் பக்கத்தில் வேலை என்றால் தாங்கி இறக்கியே ஆக வேண்டும்.

11. முதல் ஓட்டம்

ஞாயிறு காலை ஐந்தரை மணி, மரைன் டிரைவ் வெறுமையாக இருக்கும். ஒழுங்கைக்குள்ளேயே நடை வேகத்தில் மூன்று தரம் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். கொள்ளுப்பிட்டி வரை போய் நிறுத்தி, பிரிக்காத பக்கத்து ஹப்பின் நடுவில் முதலில் உள்ளங்கையை வையுங்கள், பிறகு பிரித்த பக்கத்தில். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு என்றால் சரி. ஒன்றில் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் மெதுவாக வீட்டுக்கு வந்து அந்த நட்டை மறுபடி திறவுங்கள்.

சில்லு நட்டுகளை 80 கிலோமீற்றருக்குள் ஒருதரம் திரும்ப இறுக்குங்கள். செய்த வேலை, தேதி, மீற்றர் வாசிப்பு மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், சாமான் நம்பரையும்.

திரும்பி வந்ததும் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து எஞ்சின் முதல் பின் அக்ஸில் வரை அடியில் விரித்து, வண்டி நின்ற இடத்தைச் சோக்கட்டியால் குறித்துவிடுங்கள். திங்கள் காலை அட்டையில் எத்தனை பொட்டு, எந்த இடத்தில், சிவப்பா கறுப்பா என்று பார்த்தால் அடுத்த சனிக்கிழமை எதைத் திறப்பது என்று தெரியும்.